ஜார்ஜ்டவுனில் அம்மாவுக்கு எடுத்த மேமோகிராம்

ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மையத்தில் சென்ற மாதம் அம்மாவுக்கு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ் கதிர்ப் படம், எடுத்தோம். எக்ஸ் கதிரை முதலில் ஒளியாக்கிப் பிறகு மின்சாரமாக மாற்றும் சீசியம் அயோடைடு தகடுகளைப் போலன்றி, அங்குள்ள கருவியின் செலினியம் தகடு கதிரை நேரடியாகவே மின்னூட்டமாக மாற்றுவதால், ஒளி பக்கவாட்டில் பரவிப் படம் மங்குவதில்லை. உப்புத்தூள் போன்ற சுண்ணாம்புப் புள்ளிகளை மருத்துவர் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். இவை பெரும்பாலும் தீங்கற்றவையே என்றாலும், சில கொத்துகள் புற்றுநோயின் தொடக்க அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் இந்தத் தெளிவை நான் பெரிதும் மதிக்கிறேன். படத்துக்காக மார்பகத்தை அழுத்தியது சில விநாடிகளே. அம்மா ஒருமுறை முகம் சுளித்தார், அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2005இல் வெளியான ஆய்வு, 50 வயதுக்குட்பட்ட பெண்களுக்குப் பிலிமைவிட டிஜிட்டல் படமே துல்லியமானது என்று கண்டதால், நாற்பத்தைந்து வயதான தங்கைக்கும் இங்கேயே பதிவு செய்துவிட்டேன். படிவங்களில் தமிழ் இல்லாததுதான் குறை. அம்மாவுக்கு நானே வரிவரியாக விளக்க வேண்டியிருந்தது.