துள்ளலோசையைக் காதுக்குக் கற்றுத் தரும் பாடம்

யாப்பு, அதாவது செய்யுள் இலக்கண வகுப்பு என்றாலே வாய்பாடு ஒப்பிக்க வைப்பார்கள் என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். நான் பணம் கட்டிக் கேட்டு முடித்த இந்த இணையவழி ஒலிப்பாடம் அப்படியில்லை. வெண்பாவின் செப்பல், ஆசிரியப்பாவின் அகவல், கலிப்பாவின் துள்ளல், வஞ்சிப்பாவின் தூங்கல் என நான்கு ஓசைகளையும் முதலில் காதில் போட்டுவிட்டு, அப்புறம்தான் இலக்கணத்துக்கு வருகிறார் ஆசிரியர்.

துள்ளலோசைப் பாடத்துக்காக மட்டுமே இதை வாங்கலாம். "மழைபொழிந்து குளம்நிறைந்து வயல்செழித்து மனம்மகிழ" என்று ஓர் அடியை நிதானமாகச் சொல்கிறார். மழை-பொழிந்-து என்று அசை பிரித்தால், ஒவ்வொரு சீரும் (அடியின் ஒவ்வொரு துண்டும்) 'து' போன்ற ஒற்றை அசையான நேரசையில் முடியும்போது குரல் ஊன்றுகிறது. அடுத்த சீரின் தொடக்கத்தில் நிற்கும் நிரையசை, அதாவது 'குளம்' போன்ற இணை அசை, அதை எழுப்பிவிடுகிறது. காய் முன், அதாவது நேரில் முடியும் மூவசைச் சீரை அடுத்து, நிரை வந்தால் கலித்தளை (தளை என்பது சீர்கள் இணையும் விதம்) என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு, அது ஏன் என்று இங்கே கேட்கும். பிறகு 'குளம்நிறைந்து' என்பதை எடுத்துவிட்டு 'நீர்பெருகி' என்று வைக்கிறார். பொருள் பெரிதாக மாறவில்லை. ஆனால் காய் முன் நேர் வந்து வெண்டளை ஆகிவிட்டதால், அந்த இடத்தில் மட்டும் குதிப்பு அடங்கிவிடுகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கே சொல்லிவிடும்.

இப்போது வேகமான பாட்டு எதைக் கேட்டாலும் 'துள்ளலிசை' என்கிறோம். சந்தோஷம் என்றாலும் துள்ளல்தான். இந்த இரண்டு பழக்கத்தையும் துள்ளலோசையிலிருந்து ஆசிரியர் அழகாகப் பிரித்துக் காட்டுகிறார். கன்று துள்ளினாற்போல என்ற பழைய உவமையில் முக்கியம் ஓட்டமல்ல, ஊன்றி எழுவது. மெதுவாகச் சொன்னாலும் அந்த எழுச்சி இருக்கும். துயரத்துக்கும் அது பொருந்தும். கலிப்பாவால் ஆன சங்க நூல் கலித்தொகையில் பாலைக்கலி என்ற பகுதி முழுக்கப் பிரிவுதானே! எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

குறையும் உண்டு. கலித்தளை மட்டுமே வரும் ஏந்திசைத் துள்ளலுக்கு இவ்வளவு நேரம் கொடுத்தவர், வேறு தளைகளும் கலக்கும் அகவல் துள்ளலையும் பிரிந்திசைத் துள்ளலையும் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார். தளைகள் கலந்து வரும்போதுதான் கற்பவருக்குச் சந்தேகமே வரும். அங்கே எடுத்துக்காட்டு போதவில்லை. பயிற்சிகளுக்கு விடையும் இல்லை.

மரபுக்கவிதை எழுதுகிறவர்கள், மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். அசை பிரிக்கத் தெரியாதவர்கள் அதை மட்டும் முதலில் எங்காவது படித்துக்கொண்டு வருவது நல்லது. கேட்கும்போது ஒலிப்பானின் வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். நேருக்கும் நிரைக்கும் உள்ள இடைவெளி காதில் விழாது.