கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றாமல் கார் சவுண்ட்: ஐந்து வருட அனுபவம்

அப்பா கும்பகோணத்தில் இருக்கிறார். மாதம் ஒரு தடவையாவது சென்னையிலிருந்து போய் வருவோம். விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, நெய்வேலி, அணைக்கரை என்று போகும் அந்த வழி முழுக்க காரில் கச்சேரிதான். 2019-இல் இந்த ஹேட்ச்பேக்கை எடுத்த புதிதில் அப்பாவை ஏற்றிக்கொண்டு வந்தேன். இளம் வயதில் மிருதங்கம் கற்றவர். தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "வலந்தலை மட்டும்தான்டா கேக்குது, தொப்பியக் காணோமே" என்றார்.

வலந்தலை மிருதங்கத்தின் வலப்பக்கம், தொப்பி இடப்பக்கம். ரவையைப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்பி நாதத்தைக் கனமாக்குவார்கள். உள்ளங்கையை அழுத்தி நகர்த்தும்போது அதில் எழும் கும்கி, வளைந்து ஏறி அடங்கும். என் காரில் அந்த இடத்தில் ஒரு மொத்தைச் சத்தம்தான் வந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது இந்த வேலை.

ஸ்டீரியோவையே மாற்றிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா, பார்க்கிங் சென்சார் சத்தம், வண்டியின் செட்டிங்குகள் எல்லாமே அந்த ஸ்கிரீனோடு கட்டுண்டவை. டேஷ்போர்டில் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருப்பதை எடுத்துவிட்டு, ஃப்ரேம் வைத்து வேறொன்றை மாட்ட மனசு வரவில்லை. வாரண்டியும் மீதி இருந்தது.

அந்த ஸ்டீரியோவால் எவ்வளவு முடியும் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. 4x50 வாட் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து, கணக்குப்படியே, 26 வாட்டுக்கு மேல் பிசிறில்லாமல் வராது. கையில் கிடைப்பது 15 முதல் 20 வாட். சாதாரணமாகக் கேட்க அது போதும். தொப்பிக்குப் போதாது.

2020-இல் முதலில் ஸ்பீக்கர்களை மட்டும் மாற்றினேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், தனியாக வரும் ஆறரை அங்குல காம்பொனென்ட் செட் வாங்கி, முன் கதவுகளில் மாட்டினேன். வயலினும் குரலும் பளிச்சென்று தெளிந்தன. ஆனால் பேஸ், அதாவது கீழே கனத்து ஒலிக்கும் பகுதி, முன்பைவிடக் குறைந்துவிட்டது! 14,000 ரூபாய் கொடுத்துவிட்டு இருந்ததையும் இழந்தது போல இரண்டு மாதம் மனசு ஆறவில்லை.

காரணத்தைச் சொன்னவர் வேறொரு கடையில் வேலை பார்த்த ஒரு தம்பி. டோர் பேடைக் கழற்றி, உள்ளே இருந்த தகரத்தை விரலால் தட்டினார். டப்பாவைத் தட்டியது போலக் கேட்டது. "சார், ஸ்பீக்கர மாத்திட்டீங்க, பாக்ஸ மாத்தலையே" என்றார். எனக்குப் பிடிபட்டுவிட்டது. காரில் கதவுதான் ஸ்பீக்கர் பாக்ஸ். அதன் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட் மட்டும் ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கரின் பின்பக்கம் எழும் அலை அந்த ஓட்டைகள் வழியாக வெளியே வந்து, முன்பக்க அலையோடு மோதி, பேஸைத் தின்றுவிடுகிறது. புது ஸ்பீக்கரின் கோன் கனமானது, அதைத் தள்ள ஸ்டீரியோவுக்குத் தெம்பும் இல்லை.

ஆகவே அடுத்த செலவு கதவுக்கு. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட். முதலில் வெளித்தகட்டின் உட்புறம், பிறகு உள்தகட்டின் ஓட்டைகள். ஷீட்டை வைத்துவிட்டு உருளையால் அழுத்தி உருட்ட வேண்டும், தாளின் மேல் உள்ள புடைப்புகள் தட்டையாகிற வரை. இரண்டு கதவுக்கு ஒரு முழு நாள் ஆனது, 9,000 ரூபாய். மாலையில் கதவைச் சாத்தினேன், 'டங்' என்று கேட்கிற இடத்தில் 'தொப்' என்றது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இல்லை, பேஸுக்கென்றே வரும் சப்வூஃபர் இல்லை, அதே ஸ்டீரியோதான். தொப்பி வந்துவிட்டது. முழுதாக இல்லை, ஆனாலும் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் கொடுத்த காசுக்கு மிக அதிகமாகத் திருப்பித் தந்தது இந்த வேலைதான் என்று உறுதியாகச் சொல்வேன். தாரில் செய்த மலிவு ஷீட்டை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். டிக்கியில் போட்டுப் பார்த்தேன், மே மாத வெயிலில் வண்டி முழுக்க ரோடு போடுகிற வாசனை.

ஒரு எச்சரிக்கை. வேலை செய்த கடையில் பழைய பிளாஸ்டிக் ஷீட்டைச் சரியாகத் திருப்பி ஒட்டாமல் விட்டுவிட்டார்கள். கண்ணாடி வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது அடியில் உள்ள துளைகளில் வெளியேறிவிடும். 2021 நவம்பரில் சென்னையில் கொட்டிய மழையில், டிரைவர் பக்கத்து மிதியடி நனைந்தது. கழற்றிப் பார்த்தால் ஸ்பீக்கர் காந்தத்தைச் சுற்றித் துரு. மறுபடி பியூட்டைல் டேப் வைத்து விளிம்பெல்லாம் அடைத்து, ஸ்பீக்கருக்குப் பின்னால், மேல்புறம், ஃபோமில் ஒரு சின்னக் குடை மாதிரி வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு வரவில்லை. வேலை முடிந்ததும் அடித்துளைகள் திறந்திருக்கின்றனவா என்று நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள்.

ஆம்ப் வந்தது 2022-இல். நான்கு சேனல், ஒலியை டிஜிட்டலாகச் சரிசெய்யும் டிஎஸ்பி உள்ளேயே உள்ளது. கம்பெனி ஸ்டீரியோவில் ஆம்புக்கென்று தனியாக சிக்னல் தரும் ஆர்சிஏ அவுட்புட் கிடையாது, அதனால் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை-லெவல் இன்புட் உள்ள ஆம்பாகத் தேடினேன். ஸ்டீரியோ ஆன் ஆனதும் அந்த ஒயரில் வரும் டிசி வோல்டேஜை வைத்து ஆம்ப் தானாக எழுந்துகொள்கிறது. ஒரு ஒயரையும் வெட்டவில்லை. வண்டிக்கென்றே வரும் கப்ளரை, அதாவது செருகி மாட்டும் இணைப்பை, நடுவில் மாட்டினோம், அவ்வளவுதான். ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை எர்த் என்று நினைத்து பாடியோடு சேர்த்துவிடக் கூடாது. இந்த ஸ்டீரியோக்களில் இரண்டு ஒயரிலும் சிக்னல் ஓடுகிறது, பாடியில் தொட்டால் ஸ்டீரியோவே போய்விடும்.

முதல் நாளே ஒரு தொல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'கீஈ' என்று கூடவே ஏறுகிற ஒரு சத்தம். தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் அது காதைக் குத்தியது. மூன்று வாரம் ஒயரைத்தான் சந்தேகப்பட்டோம். கடைசியில் சீட்டுக்கு அடியில் எர்த் போல்ட்டைக் கழற்றினால், பெயிண்ட்டின் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிந்ததும் திருப்பி முடுக்கினோம். சத்தம் அங்கேயே நின்றது. பேட்டரியிலிருந்து வரும் பவர் ஒயரில், முதல் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்தேன். வழியில் எங்காவது ஒயர் உரசித் தகட்டைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான்.

இன்னொன்றைக் கண்டுபிடிக்கத்தான் நாளானது. வால்யூமை ஏற்ற ஏற்ற, சின்ன ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க ஸ்டீரியோவே பேஸைக் குறைக்கிறது. என் வண்டியில் 40-க்கு 24-ஐத் தாண்டினால் குறைவது காதுக்கே தெரியும். இப்போது 22-ஐத் தாண்டுவதில்லை, அதிலேயே போதுமான சத்தம் வரும்படி ஆம்பில் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, வைத்திருக்கிறேன். பார்க்கிங் சென்சாரின் 'பீப்' ஆம்ப் வழியாக வந்து முதலில் தூக்கிப் போட்டது. ஸ்டீரியோ மெனுவில் அதைக் கடைசி அளவுக்கு இறக்கிய பிறகுதான் நிம்மதி.

டிஎஸ்பியின் உண்மையான பயன் டைம் அலைன்மென்ட், அதாவது எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி வைப்பது. நான் உட்காரும் வலது சீட்டிலிருந்து வலது ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டர், இடது 140. ஒலிக்கு ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போக முடியும். வலதை ஏறத்தாழ ஒன்றரை மில்லி செகண்ட் தாமதித்ததும், முழங்கால் அருகே பாடிக்கொண்டிருந்தவர் எழுந்துபோய் டேஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்தார். ஆனால் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இதுவே கெடுதல், எல்லாம் அவர் பக்கமே சாய்ந்துவிடும். அதனால் இரண்டு செட்டிங். அப்பா ஏறினால் தாமதமே இல்லாத இரண்டாவதை வைத்துவிடுவேன்.

போன வருடம் சீட்டுக்கு அடியில் ஜேபிஎல் பேஸ்ப்ரோ எஸ்எல் 2 என்ற சப்வூஃபரை வைத்தேன், 8 அங்குலம், 125 வாட். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸை மட்டும் அது பார்த்துக்கொள்கிறது. அதிர வைக்கும் பேஸ் வேண்டுபவர்களுக்கு இது போதாது, டிக்கியில் பெட்டிதான் வைக்க வேண்டும். எனக்கு டிக்கி வேண்டும், ஊரிலிருந்து அரிசி மூட்டை வருகிறது. பின்கதவு ஸ்பீக்கர்களைத் தொடவேயில்லை, அவை ஸ்டீரியோவிலேயே மெல்ல ஓடுகின்றன.

எல்லாம் சேர்த்துக் கூலியோடு 70,000 ரூபாய் ஆகியிருக்கும், ஐந்து வருடத்தில் பிரித்துப் பிரித்து. இரண்டு வாரம் நிறுத்திவைத்தாலும் பேட்டரி இறங்கியதில்லை. சர்வீஸுக்கு விட்டபோது யாரும் எதுவும் கேட்டதில்லை.

தீபாவளிக்கு அணைக்கரைப் பாலம் தாண்டும்போது தனி ஆவர்த்தனம் ஓடியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, இடது கை தொடையில் தாளத்துக்கு நடுவே கும்கியை அழுத்திக்கொண்டிருந்தது.

கழற்றிய பழைய ஸ்பீக்கர்களும் ட்வீட்டர்களும் பரணில் செய்தித்தாள் சுற்றி இருக்கின்றன. வண்டியை விற்கும்போது கப்ளரை எடுத்துவிட்டு அவற்றை மாட்டிக்கொடுத்துவிடலாம். ஆம்ப், சப், காம்பொனென்ட் மூன்றும் என்னோடு அடுத்த வண்டிக்கு வரும். கதவில் ஒட்டிய ஷீட் மட்டும் வாங்குகிறவருக்கு.