படம் எடுத்த தேதியைச் சொல்லாத வரைபடச் செயலி

போடிமெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் எங்களைப் போன்றவர்கள், எந்தச் சரிவில் மண் இறங்கியிருக்கிறது, எந்தத் தடத்தில் ஜீப் ஏறும் என்பதைக் கைப்பேசி வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே முடிவு செய்கிறோம். நான் அன்றாடம் பயன்படுத்தும் செயலி தார்ச்சாலையில் வழி காட்டுவதில் குறை வைப்பதில்லை. அதன் படத்தைத்தான் நம்ப முடியவில்லை.

பூப்பாறைப் பக்கத்துச் சரிவு ஒன்றை அதில் பெரிதாக்கிப் பார்த்தால், மலையின் ஒரு பாதி கரும்பச்சையாகவும் மறுபாதி கோடைக்காலப் பழுப்பாகவும் இருக்கிறது. நடுவே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. வெவ்வேறு காலத்துப் படங்களை ஒட்டிவைத்திருக்கிறார்கள். பல மழைக்காலங்களைக் கண்டுவிட்ட ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்று அதில் இல்லவே இல்லை. அந்த இடத்தில் மரங்கள் மட்டுமே தெரிகின்றன. படம் பழையதாக இருப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம், எப்போது எடுத்தது என்று ஓரிடத்திலும் சொல்லாததைப் பொறுக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்களை (வரிசை வீடுகளை) மண் மூடி, பெரும்பாலும் தமிழர்களான 70 பேரை நாம் இழந்தோம். அப்படிப்பட்ட மலையில் தேதியில்லாத படத்தை வைத்து ஒரு சரிவை எடைபோடுவது ஆபத்தானது.

கணினியில் இயங்கும் கூகுள் எர்த் இந்த வகையில் எவ்வளவோ மேல். படம் எடுத்த தேதி திரையின் அடியில் தெரிகிறது; பழைய ஆண்டுகளின் படங்களையும் வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மேகம் மலையை மூடிவிடுவதால், சாதாரண ஒளிப்படக் கருவி கொண்ட எந்தச் செயற்கைக்கோளுக்கும் தரை தெரிவதில்லை. ஜூலையில் சரிந்த மண் தெளிவான படத்தில் வரப் பெரும்பாலும் மேகம் விலகும்வரை காத்திருக்க வேண்டும்.

மழைக்குப் பிறகு நான் நாடுவது ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படங்களை. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் தேதியோடு இலவசமாகக் கிடைக்கிறது. மேகம் குறைந்த நாட்களை மட்டும் வடிகட்டியும் எடுக்கலாம். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் என்பதால் ஜீப் தடம் அதில் தெரியாது, பெரிய சரிவின் செம்மண் வடு தெரியும். கைப்பேசியில் பயன்படுத்தச் சற்றுச் சிரமம்தான், அதிலும் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில்.

அன்றாடச் செயலியை நடத்துவோரிடம் நான் கேட்பது, படத்தின் மூலையில் மாதமும் ஆண்டும், மழை முடிந்தவுடன் மலைப்பகுதிகளுக்கு முதலில் புதிய படமும். இவை வரும்வரை அதைச் சாலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சரிவுக்கு மற்ற இரண்டையும் பாருங்கள்.