கடை நூடில்ஸும் வீட்டு நூடில்ஸும்: வித்தியாசம் சோஸில் இல்லை, ஈரத்தில்

கடையில் கட்டிக் கொடுத்த நூடில்ஸ் பார்சலைப் பிரித்தால், சோயா சோஸுக்கு முன்னால் வேறொரு வாசம் வருகிறது. லேசாகத் தீய்ந்த, புகை கலந்த வாசம். கன்ரனீஸ் மொழியில் அதற்கு ‘வொக் ஹேய்’ என்று பெயர். தாச்சியின் மூச்சு என்று சொல்லலாம். வீட்டில் அந்த வாசம் வரவில்லை என்றதும் பெரும்பாலானோர் சோஸ் போத்தலைத்தான் மாற்றுகிறார்கள். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் குசினியில் நானும் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். பிழை போத்தலில் இல்லை. நூடில்ஸிலும் மரக்கறியிலும் நின்ற தண்ணீரில் இருந்தது. தண்ணீர் நிற்கும் வரை தாச்சிக்குள் இருப்பவற்றின் சூடு 100 பாகையைத் தாண்டாது. பொரிந்த வாசம் பிறக்க 140 பாகையாவது வேண்டும். அதனால் ஈர நூடில்ஸ் வறுபடுவதில்லை, அவிகிறது. கீழே நான் எதை எதோடு ஒப்பிட்டாலும் முதலில் பார்ப்பது இந்த ஈரத்தைத்தான்.

மத்திய வீதிக் கடைகளில் மூன்று வகை நூடில்ஸை வாங்கிச் செய்து பார்த்திருக்கிறேன். அவசர நூடில்ஸ் பக்கெட்டைச் சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் ஏற்கெனவே அவித்து எண்ணெயில் பொரித்தெடுத்தது. தாச்சியில் நாலு புரட்டுப் புரட்டினால் துண்டு துண்டாகிவிடும். அரிசி நூடில்ஸ் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்ல வழி. அதை அவிக்கக் கூடாது; இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினால் போதும், மீதியைத் தாச்சி பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு நிமிடம் பிந்தினாலும் பிசைந்த இடியப்பம் போல ஒட்டிக்கொள்கிறது. என் தெரிவு கோதுமை நூடில்ஸ், முட்டை சேர்த்ததென்றால் இன்னும் நல்லது. சீனக்குடா பிரீமா ஆலையில் அரைத்த மாவில் பாணும் றொட்டியும் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். கோதுமையின் இழுவை எங்கள் நாக்குக்குப் பழக்கமானது.

சீனாவின் மஞ்சள் நூடில்ஸுக்கு அந்த இழுவையும் நிறமும் வருவது கார நீரால். பொற்றாசியம் காபனேற்றும் சோடியம் காபனேற்றும் கலந்த நீரில் மாவைப் பிசைகிறார்கள். காரம் பட்டதும் கோதுமையில் இயல்பாக உள்ள நிறப்பொருள் மஞ்சளாகிறது. நமக்குக் கிடைக்கும் சாதாரண நூடில்ஸிலும் இதில் கொஞ்சத்தைக் கொண்டுவரலாம். அவிக்கிற தண்ணீரில் லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா போடுங்கள். நூடில்ஸ் இறுகி, பல்லுக்குப் பிடிகொடுக்கும். பக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே வடித்து, பச்சைத் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். அலசாவிட்டால் சவர்க்கார வாடை நிற்கும்.

இனி உலர்த்துவது. முழுச் சமையலிலும் நான் அதிகம் அக்கறைப்படுவது இந்த இடத்தில்தான். வடித்த நூடில்ஸை வடியிலேயே குவித்து வைப்பதையும் சுளகில் பரப்பி வைப்பதையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குவித்தது அடியில் கஞ்சி போலப் பிசுபிசுத்தது. சுளகில் ஒரு துணி விரித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறிப் பரப்பியது இழை இழையாகப் பிரிந்து நின்றது. கையில் எடுத்தால் விரல் நனையவில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் யன்னலோரம் பதினைந்து நிமிடம் போதும். மாரியில் ஊரே நனைந்து கிடக்கும்போது மின்விசிறிக்குக் கீழே முக்கால் மணி நேரம் வைத்தாலும் அந்த அளவுக்குக் காய்வதில்லை. மழைக் காலத்தில் காலையிலேயே அவித்து, பரப்பியபடி மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். இரவில் எடுத்தால் கச்சான் காலத்து நூடில்ஸைவிடவும் நன்றாக வறுபடுகிறது.

நெருப்பில் போட்டி எரிவாயுவுக்கும் விறகுக்கும். கடைக்காரரின் அடுப்பு வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு சூடு தரும். அதனால் ஐந்தாறு பேருக்கு ஒரே தடவையில் கிளறினாலும் தாச்சி சூடு இறங்குவதில்லை. 2022இல் எரிவாயு கிடைக்காத மாதங்களில் பின்வளவில் மூன்று கல் வைத்து, பொச்சுமட்டையும் காய்ந்த தென்னம்பாளையும் எரித்துச் சமைத்தோம். பாளை பற்றியதும் சுவாலை தாச்சியின் விளிம்பு வரை ஏறும். அன்று வந்த வாசத்தை எரிவாயு அடுப்பு எனக்கு இன்று வரை தரவில்லை. ஆனால் பாளை இரண்டு நிமிடத்தில் தணிந்துவிடும், ஒருவர் எரிக்க ஒருவர் கிளற வேண்டும். இரண்டு பேர் இருக்கிற நாளில் விறகு. தனியாக என்றால் எரிவாயுவில் ஒரு தடவைக்கு இரண்டு பேர் அளவு மட்டும்: 400 கிராம் பக்கெட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு தடவையாக. ஒரே தடவையில் கொட்டியவர் கடைச் சுவையை அங்கேயே கைவிட்டுவிட்டார்.

பாத்திரத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: இரும்புத் தாச்சி. ஒட்டாத பூச்சுப் பாத்திரம் தோசைக்குச் சரி; ஆனால் அந்தப் பூச்சு சுமார் 260 பாகைக்கு மேல் சிதையத் தொடங்குகிறது. நாமோ தாச்சியைப் புகை வரும்வரை வெறுமையாகக் காய விடப் போகிறோம். அது ஆபத்து. அலுமினியம் சீக்கிரம் சூடாகி, நூடில்ஸ் விழுந்ததும் சீக்கிரம் ஆறுகிறது.

எண்ணெயில் ஒரு எச்சரிக்கை. சீனர்கள் கடைசியில் சில துளி விடும் எள்ளெண்ணெய் எள்ளை வறுத்துப் பிழிந்தது. கபில நிறம், வாசம் தூக்கும். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டுவது, அந்த இடத்துக்குப் பொருந்தாது. அதைவிட வெள்ளை எள்ளை வறுத்து இடித்துத் தூவுவது மேல். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் புகைந்து தன் வாசத்தை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றிவிடும். வறுக்கக் கடலை எண்ணெய், அல்லது சோயா எண்ணெய்.

சோஸில் இரண்டு வேண்டும்: உப்புக்கு மெல்லிய சோயா சோஸ், நிறத்துக்குக் கட்டியான கறுப்புச் சோயா சோஸ். இரண்டு பேர் அளவுக்கு முன்னதில் ஒரு மேசைக்கரண்டி, பின்னதில் ஒரு தேக்கரண்டி. அதற்கு மேல் விட்டால் உலர்த்திய பாடெல்லாம் வீண்.

கோழியா கணவாயா என்று கேட்டால், கடைக்காரர் கோழி போடுகிறார், நான் கணவாய் போடுகிறேன். காலையில் வாங்கிய கணவாய் இருக்கும் ஊரில் உறைந்த கோழிக்கு என்ன அவசியம்? ஆனால் கணவாய் தண்ணீர் விடும். உள்பக்கம் சதுரம் சதுரமாகக் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்து, துணியால் ஒற்றிவிட வேண்டும். கீறல்கள் விரிந்து பூப்போலச் சுருளும். இறாலுக்கு இவ்வளவு பாடில்லை, ஒற்றினால் போதும்.

கிளறும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தாச்சி புகைந்ததும் எண்ணெய். முட்டையை ஊற்றிக் கிழித்து எடுத்து வையுங்கள். கணவாயைப் புரட்டி எடுத்து வையுங்கள். பிறகு உள்ளி, லீக்ஸ், கறட், கோவா, ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நூடில்ஸைப் போட்டதும் கிளறாமல் இருபது விநாடி விடுங்கள், அடி இழைகள் சிவக்கட்டும். சோஸை நூடில்ஸின் மேல் ஊற்றாமல் தாச்சியின் விளிம்பைச் சுற்றி விடுங்கள். சுடும் இரும்பில் பட்டுச் சீறி, ஓரம் கருகி இறங்கும். பார்சலைப் பிரித்தபோது வந்த வாசம் அந்த நொடியில் எழும். முட்டையும் கணவாயும் வெங்காயத்தாளும் கடைசியில்.

கடை ஜெயிக்கும் இடமும் உண்டு. வீட்டுக்குப் பத்துப் பேர் வந்தால் நான் தாச்சியை ஏற்றுவதில்லை, கடைக்குத்தான் போகிறேன். பத்துப் பேருக்கு ஐந்து தடவை தாச்சியைக் காய வைக்க வேண்டும். ஐந்தாவது தட்டு வரும்போது முதல் தட்டு ஆறிப்போய்விடும்.