37 ஆண்டுகள் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியுடன்

2025 தை மாதம் எனக்கு எழுபது வயது முடிந்தது. அதற்கு மறுவாரம், 1988 முதல் என் பெயரில் இருந்த துப்பாக்கி உரிமத்தை ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் தோட்டம் தாண்டிக்குடிப் பக்கம், கீழ்ப் பழனி மலையில் இருக்கிறது. காப்பி, மிளகு, இடையிடையே மலைவாழை. பக்கத்துத் தோட்டங்களில் இப்போது பொறுப்பெடுத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பெரியப்பா, பன்றித் தொல்லை தாங்கவில்லை, லைசென்ஸ் போட்டு ஒரு துப்பாக்கி வாங்கிவிடலாமா?" வரப்பில் நின்று சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த 12 போர் இரட்டைக்குழல். குழலின் உள்வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதனால்தான் 12 போர் என்று பெயர். எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து 1964இல் அப்பா வாங்கியது. அப்போது நாங்கள் மதுரை மாவட்டம். அப்பாவின் உரிமத்தில் மதுரை கலெக்டர் அலுவலக முத்திரைதான் இருக்கும். 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது, 1986இல் அப்பா காலமானார். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்பது ஆயுதச் சட்டம். காரியம் முடிந்த மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பெயருக்கு உரிமம் வந்து, திரும்ப என் கைக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

பன்றிக்கு அது உதவியதா என்றால், கொஞ்சம் உதவியது, கொஞ்ச நாள் உதவியது. பன்றியைச் சுட எனக்கு ஒருநாளும் அனுமதி இருந்ததில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி அதில், பாதுகாக்கப்படும் விலங்குகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கினாலும், அந்த உரிமம் விலங்கைக் கொல்லத் தந்த அனுமதி ஆகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் துப்பாக்கி வாங்குகிறவர்கள்தான் அதிகம். நான் செய்ததெல்லாம் பரணில் உட்கார்ந்து, ஆள் நடமாட்டமே இல்லாத பாறைச் சரிவைப் பார்த்து ஒரு வெடி. முதல் ஆண்டு அறுபது தோட்டா செலவழித்தேன். ஒரு வெடிக்கு நான்கு இரவுகள் பன்றி வராது. அடுத்த ஆண்டு அது இரண்டு இரவாகச் சுருங்கியது. பத்தாவது ஆண்டில் சத்தம் கேட்டுச் சற்று நின்றுவிட்டுத் திரும்பவும் சேனைக்கிழங்கைத் தோண்டின. காட்டுமாடு தலையைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி. யானை வந்தால் துப்பாக்கியைத் தொடவே கூடாது. மிரண்ட கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும், எந்தக் குடிசை வழியில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசிப் பத்து ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐந்தாறு தோட்டாக்கூடச் செலவானதில்லை. கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் "ஒரு வெடி போடுங்கள் மாமா" என்று கேட்ட உறவினர்களுக்கு நான் ஒருபோதும் இணங்கியதில்லை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் அதற்கு இரண்டு ஆண்டுவரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு என்று ஆக்கிவிட்டார்கள். நல்ல காரியம்.

சுட்ட நேரத்தைவிட நூறு மடங்கு நேரம் அதைத் துடைப்பதில் போனது. எங்கள் மலையில் ஐப்பசி, கார்த்திகையில் மஞ்சு என்கிற மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். துரை கொடுத்த தோல்பெட்டியில்தான் அப்பா துப்பாக்கியை வைத்திருந்தார். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பு அதற்குள் புழுங்கும். நான் பொறுப்பேற்ற பிறகு அதைப் பலாமரப் பெட்டிக்கு மாற்றி, திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று போட்டேன். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நாளடைவில் பிசுபிசுத்துவிடும். தையல் இயந்திரத்துக்குப் போடும் மெல்லிய எண்ணெயே போதும், அதுவும் துணியில் தொட்டுத் தேய்க்கும் அளவுக்குத்தான். கைரேகை பட்ட இடத்தில் மூன்று நாளில் துரு பூக்கும். அதனால் கடைசியாக ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

தோட்டாவில் இரண்டு எச்சரிக்கை. அப்பா காலத்துக் காகிதத் தோட்டா மழைக்காலத்தில் ஊதிப்போய்க் குழலுக்குள் நுழையாது. அதைத் தட்டி நுழைக்கவே கூடாது. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான். இன்று கடையில் கிடைக்கும் எழுபது மில்லிமீட்டர் தோட்டா அதில் சுலபமாக உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அறையின் நீளத்தை ஒரு நல்ல கம்மியரிடம் அளந்து பார்க்காமல் தாத்தா காலத்துத் துப்பாக்கியில் தோட்டா போடாதீர்கள்.

ஒரு புரட்டாசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். துப்பாக்கியைத் துடைத்துவிட்டு, எண்ணெய் வடியட்டும் என்று சுவரில் சாய்த்துவிட்டு ஒரு கல்யாணத்துக்காக வத்தலக்குண்டு போனேன். பூட்டிய அறைதான், ஆனால் திரும்பப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. அன்றிரவே பன்றி வந்தது. அவசரம்தான், ஆனால் குழலை மடக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் தோட்டா போட்டு எனக்குப் பழக்கமில்லை. இடது குழலில் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. வலது குழலில் ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாக இருந்தது. கம்பியை விட்டுத் தள்ளினேன். நான்கு விரற்கடை நீளத்துக்கு மண் உதிர்ந்து விழுந்தது, கூடவே பச்சைப் புழுக்கள். குளவி கூடு கட்டியிருந்தது. அப்படியே சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். குழலுக்கு அடியில் என் இடது கை இருந்திருக்கும். அன்றைக்குப் பன்றி தின்றதைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டேன்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது, 2019க்குப் பிறகு ஐந்து ஆண்டு. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வரும். முடிவு வந்த பிறகு போய் வாங்கி வர வேண்டும். ஒருமுறை நான் ஒப்படைத்த இடத்தில் அது ஈரச் சுவரில் சாய்ந்து கிடந்திருக்கிறது. குழல் நெடுக ஆரஞ்சு நிறத் துரு. எனக்குக் கோபம் வந்தது, இன்றும் இருக்கிறது. அடுத்த தேர்தலிலிருந்து எண்ணெய்த் துணி சுற்றி, அதன் மேல் பாலித்தீன் உறை போட்டு, ரசீதில் துப்பாக்கி எண்ணோடு அதன் நிலையையும் எழுத வைத்து வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

இரட்டைக்குழல் துப்பாக்கி மூன்று துண்டாகக் கழலும்: குழல், பின்கட்டை, கீழே இடது கை பிடிக்கும் முன்கட்டை. எங்கள் துப்பாக்கியில் முன்கட்டை இல்லாமல் உள்ளே சுத்தியல் ஏறாது, சுட முடியாது. கல்யாணமாகி வந்த முதல் வாரம், அந்த முன்கட்டையை அப்பா என் மனைவியின் கையில் கொடுத்தார். "இது உன்னிடம் இருக்கட்டும் அம்மா. யார் கேட்டாலும் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடு. நான் கேட்டாலும் அப்படித்தான்" என்றார். எனக்கு அது அவமானமாக இருந்தது. வீட்டு ஆண்பிள்ளையை நம்பாமல் மருமகளை நம்புகிறாரே என்று மனத்துக்குள் பல நாள் குமைந்தேன். அப்பாவுக்குப் பிறகும் அவள் அந்த வழக்கத்தை விடவில்லை. கேட்டால் கொண்டுவந்து தருவாள், காலையில் வாங்கிக்கொள்வாள். எங்கே வைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மலை வழியாகவும் போனது. கிழக்குச் சரிவில் சில்வர் ஓக் மரங்கள் வேரோடு சாய்ந்தன, அவற்றில் ஏற்றியிருந்த இருபது ஆண்டு மிளகுக்கொடிகளும் சேர்ந்து மண்ணில் கிடந்தன. அந்த மிளகை நம்பித்தான் மகளின் கல்யாணக் கடன் இருந்தது. வாழை முன்பே முடிக்கொத்து நோயில் பாதியாகியிருந்தது. பத்து நாள் மின்சாரம் இல்லை. பதினோராம் நாள் இரவு, சாப்பிடாமல் படுத்திருந்தவன் எழுந்து, "முன்கட்டையை எடு, துப்பாக்கியைத் துடைக்க வேண்டும், துரு ஏறியிருக்கும்" என்றேன். அவள் சிமினி விளக்கைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சற்று நேரம் பார்த்தாள். "இப்போது எதற்கு? காலையில் துடைத்துக்கொள்ளலாம், படுங்கள்" என்றாள். விளக்கை அணைக்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். காலையில் மகளுக்கும் மைத்துனருக்கும் ஆள் அனுப்பி வரவழைத்தாள். கடனைப் பற்றி வீட்டில் எல்லோரும் கூடிப் பேசியது அன்றுதான் முதல் முறை. பேசினால் தீருகிற அளவுக்குத்தான் அது இருந்தது.

அந்த இரவில் நான் என்ன நினைத்துக் கேட்டேன் என்பதை இத்தனை ஆண்டு நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குச் சொல்லாமலே தெரியும். துப்பாக்கி வாங்க நினைக்கும் பிள்ளைகளே, வெளியே வரும் பன்றியை எண்ணி மட்டும் முடிவெடுக்காதீர்கள். உங்கள் வீட்டின் மிக மோசமான இரவு எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். குடிக்கிறவர் இருக்கிற வீடு, கடன் கழுத்தை நெரிக்கிற வீடு, சொத்துத் தகராறு நடக்கிற வீடு என்றால் இப்போதே கொண்டுபோய்த் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். மாதா மாதம் சிறு தொகை கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். மனம் அந்த நிலைக்குப் போய்விட்டால் பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். யாரும் இல்லையென்றால் 104க்குப் பேசுங்கள், அது இரவிலும் எடுக்கும்.

விட்டுவிடத் தீர்மானித்தது 2023 மாசியில். எனக்கு வலது கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். பரணுக்குக் கீழே காய்ந்த சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. நின்று, நின்று, பன்றி நடப்பது போலவே வந்தது. தோட்டா போட்டு மூடி, வழக்கமான பாறைச் சரிவை நோக்கிக் குழலைத் திருப்பினேன். பாதுகாப்புப் பொத்தானைத் தள்ளியாகிவிட்டது. அப்போது பீடி வாசனை வந்தது. டார்ச்சை அடித்தேன். காணாமல் போன கன்றைத் தேடி வந்த பக்கத்துத் தோட்டத்துப் பையன், அந்தப் பாறைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தான். ஆள் நடமாட்டமே இல்லாத இடம் என்று முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் நம்பிய பாறை. மடக்கித் தோட்டாவை எடுக்கும்போது விரல் கேட்கவில்லை. ஒன்று நழுவிப் பரணின் இடுக்கு வழியாக இருட்டில் விழுந்தது. காலையில் முழங்காலிட்டு ஒரு மணி நேரம் தேடி எடுத்தேன். இரவில் ஜீப் ஓட்டுவதையும் அந்த வாரத்தோடு நிறுத்தினேன். கண் தெளிந்த பிறகும் மீண்டும் தொடங்கவில்லை.

2016 ஆயுத விதிகளில் ஒரு வசதி உண்டு. எழுபது வயது நிறைந்தாலோ, இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். வாரிசும் தகுதி பார்க்கப்பட்டுத்தான் உரிமம் பெற வேண்டும். அப்பா போனபின் நான் அலைந்த இரண்டு ஆண்டு என் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று இருவரையும் கேட்டேன். கோயம்புத்தூரில் இருக்கும் மகன், வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருப்பதால் வேண்டாம் என்று உடனே சொன்னான். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மகள் ஒரு மாதம் யோசித்தாள். ஓடை இறங்கும் இடத்தில் வேலி இல்லாததால்தான் பன்றி வருகிறது, அந்த இடைவெளியைச் சூரிய மின்வேலி போட்டு அடைத்துவிடலாம் அப்பா என்றாள். துப்பாக்கியை உரிமம் உள்ள கடைக்கே விற்றோம். வேலிச் செலவில் கால்வாசிக்கு அந்தப் பணம் வந்தது. நிலப் பத்திரம், வங்கிக் கணக்கு, யாரிடம் என்ன பாக்கி என்பதையெல்லாம் ஒரே நோட்டில் எழுதி மகளிடம் கொடுத்ததும் அந்த மாதத்தில்தான். எழுத இரண்டு மாலைப்பொழுதுதான் ஆனது.

கிளம்பும் நாள் காலையில் குழலையும் பின்கட்டையையும் துணியில் சுற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மனைவி உள்ளே போய் முன்கட்டையை எடுத்து வந்தாள். பழைய பட்டுத்துணித் துண்டில் சுற்றியிருந்தது. பிரித்தபோது கிராம்பு வாசனை அடித்தது. மரத்தில் ஒரு கீறல் இல்லை, இரும்பில் ஒரு புள்ளி துரு இல்லை. நான் கையை நீட்டினேன். அவள் வழக்கம்போல ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.