மூங்கில் கம்பில் துணி காயவைத்து 15 ஆண்டுகள்

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் ஒன்பதாவது மாடி நாலறை வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது 2009இல். கதவைத் திறந்ததும் மாமியார் கூடத்தைக்கூடப் பார்க்காமல் நேரே சமையலறைக்குப் போய், சன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தார். வெளிச்சுவரில் நான்கு குழாய்கள் வாய் திறந்தபடி வரிசையாக இருந்தன. "நாலு கம்பு போடலாம், போதும்" என்றார். புது வீட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். அவர் பார்த்தது சரியான இடம் என்பது எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இது விளங்காது. அங்கே மொட்டை மாடியில் கொடி கட்டிவிடுவோம். இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக்குக்கும் மொட்டை மாடி உண்டு, ஆனால் அது பூட்டியே கிடக்கும். பழைய புளோக்குகளில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே சுவரில் குழாய் பதித்திருப்பார்கள். எட்டடிக்கு மேல் நீளமுள்ள கம்பில் துணியை மாட்டி, அதன் அடியை அந்தக் குழாயில் செருக வேண்டும். கம்பு கொடிமரம் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். புதிய புளோக்குகளில் இதற்குப் பதிலாகச் சுவரோரக் கம்பிச் சட்டங்கள் வந்துவிட்டன.

செருகுவதில்தான் கஷ்டம். ஈர ஜீன்ஸ் இரண்டு நுனிப்பக்கம் இருந்தால், அடியைப் பிடித்திருக்கும் கைக்கு அது நாலு ஜீன்ஸ் கனம் கனக்கும். நான் கம்பைச் சாப்பாட்டு மேசைமேல் கிடத்தித் துணி மாட்டுவேன். கனமான துணி எல்லாம் அடிப்பக்கம், உள்ளாடையும் கைக்குட்டையும் நுனிப்பக்கம். சட்டையைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவதைவிட ஒரு கைவழியே கம்பை விட்டு மறு கைவழியே எடுப்பது நல்லது. கொல்லைப் பொம்மை மாதிரி விறைத்து நிற்கும், ஆனால் எந்தக் காற்றும் கொண்டுபோகாது, அக்குளும் நன்றாகக் காயும். சன்னலுக்கு வெளியே இடுப்புக்கு மேல் சாய்ந்து எட்டவே கூடாது. வீட்டில் பணிப்பெண் இருந்தால், இந்த வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கம்பு வகைகளைச் சொல்லிவிடுகிறேன். மூங்கில் மலிவு, கனத்த போர்வை போட்டாலும் தாங்கும். இரண்டு மழைக்காலம் போனால் கறுப்புப் புள்ளி விழும், சிலாம்பு எழும்பி காட்டன் சேலையில் நூலை இழுக்கும். நான் வருடத்துக்கு ஒரு முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுவேன். அலுமினியம் எடை குறைவு, வயதானவர்களுக்கு ஏற்றது, ஆனால் எங்கள் வீட்டுக் கம்பு ஒரு ரஜாயைப் போட்டதும் வளைந்துவிட்டது. எவர்சில்வர் கறைபடாது, ஆனால் காற்றடித்தால் கிளிப் வழுக்கிக்கொண்டே போய் எல்லாத் துணியும் ஒரே பக்கம் குவிந்துவிடும். இப்போது இரண்டு மூங்கில், இரண்டு எவர்சில்வர் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் ஆறே மாதத்தில் அப்பளம் போல நொறுங்கும். நாலு காசு கூடப் போனாலும் எவர்சில்வர் கிளிப் வாங்குங்கள்.

அப்புறம் சேலை. ஐந்தரை மீட்டர் சேலையை எட்டடிக் கம்பில் நாலாக மடித்துப் போட்டால் மேல் மடிப்பு மொடமொடவென்று காயும், உள் மடிப்பு மாலைவரை நமுத்துக் கிடக்கும். பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் இரண்டு கம்பு செருகி, சேலையைத் தொட்டில் மாதிரி இரண்டுக்கும் குறுக்கே போட்டால் இடையில் காற்று ஓடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாமியார். வேட்டிக்கும் இதே வழிதான்.

வானிலை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டில் சுமார் 170 நாள் மழை பெய்யும் ஊர், ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். எங்கள் சன்னல் கிழக்கு பார்த்தது, காலை எட்டுக்குள் போட்டால் நண்பகலுக்குள் எடுத்துவிடலாம். 2021 புத்தாண்டு பிறந்த இரண்டு நாளும் மழை விடவில்லை, கம்பெல்லாம் வீட்டுக்குள் நாற்காலிகளின் முதுகில் படுத்திருந்தன. 2013 ஜூனில் புகைமூட்டம் வந்து, 21ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது, துவைத்த துணியில் அடுப்படி நெடி. சீனர்களின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்குக் காகிதம் எரிப்பார்கள், அந்தக் கரித்தூள் ஒன்பது மாடி ஏறி வந்து வெள்ளைச் சட்டையில் உட்காரும். அது அவர்கள் வழிபாடு, ஆகவே அந்த மாதம் மாலையானால் நான் துணியை உள்ளே எடுத்துவிடுவேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கம்பு நல்ல கம்பா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது வெயிலோ மழையோ அல்ல, உங்கள் தலைக்கு மேல் மாடியில் குடியிருப்பவர்தான். 15 ஆண்டு அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது.

முதல் எட்டு ஆண்டுகள் மேலே ஒரு சீனத் தம்பதி இருந்தார்கள். ஒரு சொட்டு விழுந்ததில்லை. பிறகு அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து இளைஞர்கள் நாலு பேர் வந்தார்கள். ஒரு ஞாயிறு, மகனின் பள்ளிச் சீருடை முக்கால்வாசி காய்ந்துவிட்டது. எடுக்கப் போனால் தோளில் நீலமாக ஒரு சொட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலரில் இன்னொன்று. அண்ணாந்து பார்த்தேன். பிழியாத ஜீன்ஸ் ஆறு, வரிசையாக.

சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே மாடி ஏறினேன். கதவைத் திறந்த பையன் தமிழ்ப் பையன், ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சட்டையைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "அக்கா, ஊர்ல கொடியில போட்டா மண்ணுலதானே சொட்டும், கீழ துணி இருக்கும்னு தோணவே இல்லக்கா" என்றான். எனக்குக் கோபம் போய்விட்டது. நான் வந்த புதிதில் எனக்கு மாமியார் இருந்தார், சொல்லிக்கொடுத்தார். இவர்களுக்கு யார் சொல்வார்கள்? "தம்பி, மெஷின்ல பிழியிறத மட்டும் ரெண்டு தடவ போடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு, சேலைக் கதையைச் சொல்லி வேட்டியை எப்படிப் போடுவது என்றும் காட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு சொட்டு நின்றுவிட்டது.

மேலிருந்து விழுவது தண்ணீர் மட்டுமல்ல. காலுறை, கிளிப், சில நாள் தலையணை உறை. எங்கள் புளோக்கில் கீழே விழுந்ததைக் கண்டெடுப்பவர்கள் அதைத் தபால்பெட்டிகளின் மேல் மடித்து வைத்துவிடுவார்கள். ஒற்றைக் காலுறை ஒன்று அங்கே மாதக்கணக்கில் இருந்தது. கம்பே விழுந்தால் கதை வேறு. உயரத்திலிருந்து விழும் பொருள் ஆளைக் கொல்லும், அலட்சியத்துக்கு வீட்டையே இழக்க நேரலாம். குழாய்க்குள் கம்பு ஆடினால் அடியில் ரப்பர் சுற்றி இறுக்கிவிடுங்கள்.

மழை வரும்போது எங்கள் புளோக்கில் நடப்பதையும் சொல்ல வேண்டும். எதிர் புளோக் மலாய்க்காரம்மாவுக்கு, மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், மழை முதலில் தெரிந்துவிடும். அவர் சன்னல் பக்கம் இருந்துதான் கருமேகம் வரும். "ஹூஜான்! ஹூஜான்!" என்று குரல் கொடுப்பார். ஏழாவது மாடிச் சீன ஆன்ட்டி ஹொக்கியனில் "லோ ஹோ!" என்பார். பத்து நொடியில் எல்லாச் சன்னலிலும் கைகள் தெரியும், கம்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போகும். உலர்த்தும் மெஷின் வாங்கலாம் என்று கணவர் மூன்று முறை சொல்லிவிட்டார். வெயிலில் காய்ந்த துவாலையை முகத்தில் ஒற்றியவர் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை.

போன செவ்வாய் மதியம் அசந்து தூங்கிவிட்டேன். மக்சிக் குரல் காதில் விழவில்லை. விழித்தது மேலே இருந்து வந்த சத்தத்தில்: "அக்கா, மழ! அக்கா, கம்ப எடுங்க!" ஓடிப்போய் மூன்று கம்பை இழுத்துவிட்டேன். நாலாவது நனைந்தது.