உடாடா ஹிகாருவின் ‘டீப் ரிவர்’: காவிரிக் கரையில் கேட்ட 2002-இன் ஜப்பானியக் குரல்

2000-க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளின் ஜப்பானியப் பாப் பாடல்களை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது உடாடா ஹிகாருவின் ‘டீப் ரிவர்’ தொகுப்பைத்தான். டோஷிபா இஎம்ஐ நிறுவனம் 2002 ஜூன் 19 அன்று வெளியிட்ட இத்தொகுப்பில் 12 தடங்கள் உள்ளன. ஜப்பானில் மட்டும் 30 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற இப்பாடல்களை எழுதி, மெட்டமைத்து, பாடியவருக்கு அப்போது வயது 19. வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார்.

இப்பாடல்களில் சில, அந்நாட்களில் கும்பகோணத்து பிரவுசிங் சென்டர்களின் வழியாக எம்பி3 கோப்புகளாக எங்களை வந்தடைந்தவை. கோப்பின் பெயரில் பாடியவரின் பெயர்கூடச் சரியாக இருக்காது. மொழி ஒரு சொல்லும் புரியாமல், குரலை மட்டும் நம்பிக் கேட்ட பாடல்கள் அவை. இப்போது அத்தொகுப்பின் பழைய ஜப்பானியக் குறுந்தகட்டுப் பதிப்பை இணையவழி வாங்கி, வீட்டில் பழுதில்லாமல் ஓடும் பெரிய ஸ்பீக்கர் செட்டில் முழுவதுமாகக் கேட்டேன். அந்த எம்பி3 கோப்புகள் எத்தனையை மறைத்திருந்தன என்பது முதல் பாடலிலேயே தெரிந்தது. உடாடா தம் பாடல்களுக்கான பின்னணிக் குரல்களையும் பெரும்பாலும் தாமே பாடுபவர். அக்குரல்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து, முதன்மைக் குரலுக்குச் சற்றுப் பின்னால் வந்து நிற்பதை நல்ல ஒலிப்பெட்டியிலோ ஹெட்போனிலோ கேட்டால்தான் உணர முடியும்.

முதல் பாடலான ‘சகுரா டிராப்ஸ்’ காதல் முடிந்துபோன ஒருவர், இதுவே கடைசி வலியாக இருக்கட்டும் என்று தமக்குத் தாமே உறுதி சொல்லிக்கொள்ளும் பாடல். சொல் உறுதியாக இருக்கும்போதே குரல் உறுதியிழந்துகொண்டே போகிறது என்பதில்தான் அதன் அழகு இருக்கிறது. மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடங்களில் உடாடா சுரத்தை அழுத்திப் பிடிப்பதில்லை. தொட்டு, மெல்ல அசைத்து, காற்றோடு விட்டுவிடுகிறார். எங்கள் தெருவில் நாகஸ்வரம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டு, “யாரு தம்பி பாடுறது? மேல போறப்ப அமுக்காம வுட்டுடுறாங்க பாருங்க, அதுக்குத் தைரியம் வேணும்” என்றார். ஜப்பானியப் பாட்டு என்று சொன்னதும் ஒரு கணம் வியந்துவிட்டு, மறுபடி ஒரு தடவை போடச் சொன்னார். உடாடாவின் தாயார் ஃபுஜி கெய்கோ, குரலின் குழைவையே உயிராகக் கொண்ட ‘என்கா’ என்னும் ஜப்பானியப் பாடல் மரபில் 1970 வாக்கில் பெரும்புகழ் பெற்றவர். உடாடா வளர்ந்தது நியூயார்க்கிலும் டோக்கியோவிலும். அவருடைய தாளக்கட்டும் அமெரிக்க ஆர் அண்ட் பி இசையைச் சார்ந்தது. ஆனால் அந்தத் தாளத்தின் மேல் குரல் நகரும் விதத்தில் தாயாரின் மரபு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கமகத்தில் பழகிய தஞ்சைக் காதுகள் இப்பாடல்களோடு எளிதில் ஒட்டிக்கொள்வதற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பாடலான ‘டிராவலிங்’ முற்றிலும் வேறு வகை. வெள்ளிக்கிழமை பிற்பகல், வேலையில் சுறுசுறுப்பு, உடனே கிடைத்துவிடும் டாக்சி என்று ஆட்டத்துக்குரிய துள்ளலோடு அது தொடங்குகிறது. அதற்கு நடுவே, வசந்த இரவின் கனவு போன்றது, காற்றின் முன் தூசு போன்றது என்று, ஜப்பானின் இடைக்காலப் போர்க்காவியமான ‘ஹெய்கே மோனோகதாரி’யின் புகழ்பெற்ற தொடக்க வரிகளை அவர் எடுத்தாள்கிறார். நிலையாமையைச் சொல்லும் பழம்பாட்டு வரிகள் நடனத் தாளத்தின் நடுவில் இத்தனை இயல்பாக வந்து அமர்வதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வரிகளை இருபது வயதுகூட நிரம்பாத ஒருவர் வெள்ளிக்கிழமைக் கொண்டாட்டத்துக்குள் கொண்டுவந்தார் என்பதே, அன்றைய ஜப்பானிய இளைஞர்கள் இப்பாடலைத் தங்களுடையதாக எண்ணியதற்குப் போதுமான காரணம்.

தொகுப்பின் பெயர், ஜப்பானிய எழுத்தாளர் எண்டோ ஷூசாகு 1993-இல் வெளியிட்ட நாவலின் தலைப்பிலிருந்து வந்தது. ஆளுக்கொரு துயரத்தைச் சுமந்துகொண்டு ஜப்பானியப் பயணிகள் சிலர் காசிக்கு வந்து கங்கைக்கரையில் நிற்பதே அந்நாவலின் களம். தொகுப்பின் பெயரையே கொண்ட நான்காவது பாடல் மிக மெதுவானது. எத்தனையோ ஆறுகளின் வழியே, பிறர் கொடுத்த பெயரோடு, காரணம் கேட்காமல் ஓடிவந்தோம் என்று சொல்லும் அப்பாடல், அதற்காக எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. ஆறு என்றாலே ஆறுதல் என்று பாடிவிடும் பாடல்களுக்கு நடுவே இந்த மறுப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இத்தொகுப்பு வெளியான 2002-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்கப்படவில்லை. டெல்டாவில் குறுவை பொய்த்தது. ஆற்றைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளவும் தெரிந்த ஊர்க்காரனாகவே நான் இப்பாடலைக் கேட்கிறேன்.

பத்தாவது தடமான ‘ஃபைனல் டிஸ்டன்ஸ்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டின் தொகுப்பில் மிதவேகத் தாளத்தோடு இருந்த பாடலின் மறுவடிவம் இது. 2001 ஜூன் 8 அன்று ஒசாகா மாகாணத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் புகுந்தவன் எட்டுக் குழந்தைகளைக் கொன்றான். அக்குழந்தைகளில் ஒருத்தி உடாடாவின் மீது பெரும் அன்பு கொண்டிருந்தவள் என்று அறிந்த அவர், அப்பாடலின் வேகத்தைக் குறைத்து, பியானோவும் தந்தி இசையும் சூழ மறுபடி பாடி, அவளுக்குக் காணிக்கையாக்கினார். சொற்கள் ஏறக்குறைய அவையே. ஆனால் பிரிந்திருக்கும் இருவருக்கு இடையிலான தொலைவைச் சொன்ன பாடல் இப்போது கடக்கவே முடியாத தொலைவைச் சொல்கிறது. துக்கப் பாடல் என்றால் குரல் உடைந்து அழ வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இதன் அடக்கம் வியப்பைத் தரும். அவர் கடைசிவரை அழுவதில்லை.

இடையில் தொய்வு இருக்கிறது. ஆறாவது முதல் எட்டாவது வரையிலான தடங்களில் தாளக்கட்டு அன்றைய நாகரிகத்தோடு நின்றுவிட்டது. ‘டோக்கியோ நைட்ஸ்’ பாடலில் மட்டும் நகரத்துத் தனிமை கொஞ்சம் தங்குகிறது. இறுதிப் பாடலான ‘ஹிகாரி’ ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ வீடியோ விளையாட்டின் வழியே பலர் அறிந்தது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு என்னை மட்டும் பார் என்று கேட்கும் அதன் எளிய வரி, ஊரெங்கும் கேபிள் இணைப்பு பரவிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்த எங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது.

குறுந்தகட்டின் ஒலி தெளிவு, அச்சும் நேர்த்தி. பாடல் ஏட்டில் வரிகள் பெரும்பாலும் ஜப்பானிய எழுத்தில் இருப்பதால், பொருள் அறிய இணையத்தில் உள்ள ஆங்கில மொழிபெயர்ப்புகளையே நாட வேண்டும். எனக்கு விற்றவர் போதிய பொதி இல்லாமல் அனுப்பியதால் பெட்டியின் மூலை உடைந்து வந்தது, தகட்டுக்குச் சேதமில்லை. அனுப்புச் செலவு தகட்டின் விலையைவிடக் கூடுதலாக ஆனது. ஸ்ட்ரீமிங் செயலிகளில் எல்லாப் பாடல்களும் கிடைப்பதால், முதலில் ‘சகுரா டிராப்ஸ்’, ‘டிராவலிங்’, ‘ஃபைனல் டிஸ்டன்ஸ்’ மூன்றையும் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பிடித்துப்போய் தகடு வாங்க முடிவு செய்தால், பாடல் ஏடும் பெட்டியின் ஓரத்தைச் சுற்றி வரும் அச்சிட்ட காகிதப் பட்டையும் இருக்கின்றனவா என்று விற்பவரிடம் புகைப்படம் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.